மறைத்து ஒட்டிய சிவப்பு விளக்கு – அத்தியாயம் 14

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மங்கையற்கரசி ஸ்டூடியோப் படியை இறங்கினாள். புருசன் மூர்த்தி பின்னாலேயே வந்தான். பின்னேரம் நாலு மணிக்குக் கொழும்பு வேன் வெளிக்கிடும், அதற்குள் வந்துவிடுவாயா என்று கேட்டான். வருவேன் என்றாள். தான் வரும்வரை படத்தை ஒருவரிடமும் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான்.

அந்தத் தலையாட்டலை நம்பித்தான் அவள் பஸ் ஏறினாள்.

கொழும்பில் நடக்கும் குறும்பட விழாவுக்கு அவர்களுடைய படம் தெரிவாகிவிட்டது என்று கடிதம் வந்து ஒரு கிழமை. சனிக்கிழமை மாலை அது திரையில் ஓடப்போகிறது. தெரிவுக்கு ஒரு சீடிதான் அனுப்பியிருந்தார்கள், திரையில் போடுகிற பிரதி இனித்தான் வேனில் போக வேண்டும். மட்டக்களப்பில் கலியாண வீட்டையும், வயதுக்கு வந்த பிள்ளைகளின் சாமத்திய வீட்டையும் படம்பிடித்துக் காலம் தள்ளிய புருசனும் பெண்சாதியும், செங்கல் அளவுக் கமரா ஒன்றை வைத்துக்கொண்டு எடுத்த நாற்பது நிமிடப் படம். சந்தோசப்பட வேண்டிய வீட்டில் அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசவில்லை.

கமரா முனாபுடைய மூத்த சகோதரன், அவன் நானா என்று கூப்பிடுகிறவர், கத்தாரிலிருந்து கொண்டு வந்தது. முனாப் ஏறாவூர்க்காரன், ஸ்டூடியோவில் கூட்டாளி, கம்பியூட்டரில் படத்தை வெட்டி ஒட்டுவது அவன்தான். உள்ளங்கை அளவுக் கசட் ஒன்றில் ஒரு மணித்தியாலம் பிடிக்கலாம். பெரிய கமரா என்றால் லொறி வேண்டும், விளக்குத் தூக்கப் பத்துப் பேர் வேண்டும், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஒரு விளக்கம் வேண்டும். இதற்கு ஒன்றும் வேண்டாம். வெயிலைத் திருப்ப, பெட்டிச் சாமான்களுக்கு அடைத்து வருகிற வெள்ளை றெஜிபோம் மட்டை ஒன்று. மைக்கைக் கட்ட ஒரு தூண்டில் தடி. வாவியில் தோணியை ஆடாமல் அசையாமல் கோலால் ஊன்றிக்கொண்டு போகச் சொல்லி அதிலிருந்தபடி மங்கையற்கரசி எடுத்த காட்சியைப் பார்த்துவிட்டு, இதற்குக் கமராவை உருட்டத் தண்டவாளம் போட்டீர்களா என்று விழாக்காரர் கடிதத்திலேயே கேட்டிருந்தார்.

கமராவைப் பிடித்தது அவள்தான். சாமத்திய வீடுகளில் பெண்கள் அறைக்குள் போய்ப் பிடிக்க ஒரு பெண் வேண்டும் என்று மூர்த்தி பழக்கிவிட்ட வேலை, போகப்போக அவனையும் மிஞ்சிவிட்டாள். கமரா ஓடும்போது முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதைக் கண்டால் சனம் விறைத்துப் போகும், இல்லையென்றால் இளிக்கும். அதனால் அந்த விளக்கின் மேல் கறுப்பு ஒட்டுத் துண்டு ஒன்றை ஒட்டி வைத்திருந்தாள். ஓடுகிறதா, நிற்கிறதா என்று பிடிக்கிறவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அவளுடைய அக்கா புஸ்பத்துக்கும் தெரியாமல் போனது அப்படித்தான்.

படத்தின் கதை, கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவனுடைய பெண்சாதியைப் பற்றியது. நடிக்க ஆள் கிடைக்காமல் சித்தாண்டிக்குப் போய் அக்காவிடம் கெஞ்சிக் கூட்டிவந்தார்கள். புஸ்பத்துக்கு நடிப்பு வரவில்லை. சொல்லிக்கொடுத்ததை வாய்ப்பாடு மாதிரி ஒப்புவித்தாள். ஆறு தடவை எடுத்தும் சரிவராமல், கமராவை நிற்பாட்டியாச்சு அக்கா, கொஞ்சம் ஆறுதலாக இரு என்று மங்கையற்கரசி சொன்னாள். சொல்லிக்கொண்டே கமராவை மடியில் வைத்தாள், கண்ணாடி அக்காவின் முகத்தைப் பார்க்கும்படியாக. பிறகு கேட்டாள், அத்தானைக் கொண்டுபோன அன்று காலையில் என்ன நடந்தது என்று. நடிப்புக்குச் சூடேற்ற வேண்டும் என்ற ஒரே நினைப்புத்தான் அப்போது அவளுக்கு.

புஸ்பம் சொல்லத் தொடங்கினாள். கமரா ஓடிக்கொண்டிருந்தது.

பஸ் ஏறாவூரைத் தாண்டி, செங்கலடிச் சாவடியில் நின்றது. எல்லோரும் இறங்கி நடந்தார்கள். பையைத் திறக்கச் சொன்ன சிப்பாய் கமராவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவள் பையில் எப்போதும் ஒரு கலியாண அழைப்புக் காட் இருக்கும். அதைக் காட்டி, வீடியோ எடுக்கப் போகிறேன் என்றாள். விட்டுவிட்டான். பொய் சொல்ல எவ்வளவு இலகுவாக வாய் பழகிவிட்டது என்று அவளுக்கே வெறுப்பாக இருந்தது.

அழகரத்தினம் அத்தானைக் கொண்டுபோனது தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில். பதினைந்து வருசம் ஆகப்போகிறது. சண்டை மூண்டு, பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஆண்கள் வீட்டில் படுக்கப் பயந்த நாட்கள் அவை. அத்தான் டிராக்டர் திருத்துகிற மெக்கானிக். ஊருக்கு வெளியே வயல் வட்டைக்கு நடுவில், காவலுக்குப் போட்ட ஒரு வாடிக் குடிசையில் ஒளிந்திருந்தார். அவர் அங்கே இருப்பது இரண்டே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று புஸ்பம். மற்றது சோறு கொண்டுபோய்க் கொடுத்த அவருடைய தம்பி கதிர்காமத்தம்பி. ஒரு நாள் விடிய அவரை வாடியில் வைத்தே பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. பிடித்தது யார் என்று இன்றைக்கும் தெரியாது.

பெண்சாதி காட்டிக்கொடுக்க மாட்டாள். அப்படியென்றால் தம்பிதான். ஊர் அதற்குமேல் யோசிக்கவில்லை. பெற்ற தாய் சீதேவிப்பிள்ளையே இளைய மகனைப் பார்த்து, இந்த வளவுக்குள் கால் வைக்காதே என்றுவிட்டாள். அவன் பனிச்சங்கேணிப் பக்கம் போய் மீன்பிடித்துப் பிழைத்தான். மூன்று வருசத்துக்கு முன் தாய் செத்தபோது கேள்விப்பட்டு ஓடிவந்தவனை ஒருவரும் உள்ளே எடுக்கவில்லை. கொள்ளி வைத்தது ஒன்றுவிட்ட சொந்தக்காரன் ஒருவன். அன்றைக்கு வேலியடியில் போய், அண்ணனைக் காட்டிக்கொடுத்த கையால் அம்மாவுக்குக் கொள்ளி வைக்கவோ என்று கதிர்காமத்தம்பியின் முகத்துக்கு நேரே கேட்டவள் வேறு யாருமல்ல. இந்த மங்கையற்கரசிதான்.

அந்தக் கேள்வியை அவள் மறந்தே போயிருந்தாள். கமராவுக்கு முன்னால் புஸ்பம் வாய் திறந்த பிறகுதான் அது திரும்பி வந்து நெஞ்சில் ஏறியது. ஏனென்றால் கசட்டில் புஸ்பம் சொன்னது இது: விடியக்காலையில் மூன்று பேர் சைக்கிளில் வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள். டிராக்டர் நடுவழியில் நின்றுவிட்டது, அண்ணன் வந்தால்தான் எழும்பும் என்றார்கள்.

"அந்தா, அந்த வாடியில இரிக்கார் எண்டு நான்தான் கைகாட்டினன் புள்ள. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க எண்டும் சொன்னன்."

இவ்வளவையும் சொல்லி முடித்து புஸ்பம் முகத்தை மூடிக்கொண்டபோது, அக்காவின் கண்ணைத் துடைக்க முன் மங்கையற்கரசியின் கண் போனது கமராவில் ஓடிக்கொண்டிருந்த எண்ணின் மேல்தான். நாலு நிமிடம் பதினொரு செக்கன். எல்லாம் பதிவாகியிருந்தது.

அந்த நாலு நிமிடத்தை முனாப் படத்தின் கடைசியில் வைத்தான். அதற்குப் பிறகுதான் அது படமாயிற்று. கடலுக்குப் போனவன் கதை கொஞ்சம் மாற்றப்பட்டு, கைகாட்டியவளின் கதையாகிவிட்டது. இதில் பெயர் எதுவும் வரவில்லையே, பார்க்கிறவர்கள் நடிப்பு என்றுதான் நினைப்பார்கள் என்று மூர்த்தி சொன்னான். அப்போது அவளும் ஓம் என்றாள். கடிதம் வந்த பிறகுதான் அவளுக்கு நித்திரை போனது. நேற்று, அக்காவிடம் காட்டிக் கேட்காமல் அனுப்ப முடியாது என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

சித்தாண்டியில் இறங்கியபோது பத்து மணி. புஸ்பம் முற்றத்தில் அவித்த நெல்லைப் பாயில் பரப்பிவிட்டு, காலால் கிளறிக்கொண்டு நின்றாள். தங்கச்சியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. படம் கொழும்புக்குப் போகிற சங்கதியைக் கேள்விப்பட்டிருந்தாள். தன் நடிப்பைப் பார்த்துச் சனம் சிரிக்கப் போகிறது என்று தானும் சிரித்தாள். பிள்ளையில்லாத வீடு. அந்தச் சிரிப்பு மங்கையற்கரசிக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

தேத்தண்ணி ஊற்றப் போனவளை மறித்து உட்காரச் சொன்னாள். பிறகு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். நிற்பாட்டிவிட்டேன் என்று சொன்னது பொய், கமரா ஓடியது, நீ சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது, அது படத்திலும் இருக்கிறது. மூன்று வசனத்தில் முடிந்துவிட்டது. மூன்று மாதமாகச் சொல்ல முடியாமல் கிடந்தது இவ்வளவுதானா என்று இருந்தது.

புஸ்பம் கையை நீட்டினாள். காட்டு என்பது போல.

மாமர நிழலில் போய் இருந்தார்கள். மங்கையற்கரசி கசட்டைப் போட்டு, கமராவின் பக்கத்தில் மடிந்திருந்த சின்னத் திரையை விரித்தாள். வெளிச்சத்தில் படம் தெரியாததால் சீலைத் தலைப்பை மேலே பிடித்துக்கொண்டாள். காதுக் கருவியை அக்காவின் காதில் வைத்தாள். அதனால் சத்தம் அக்காவுக்கு மட்டும்தான் கேட்டது. மங்கையற்கரசிக்குத் தெரிந்தது இரண்டு முகங்கள். திரையில் தீப்பெட்டி அளவு முகம் ஒன்று பேசிக்கொண்டிருந்தது. அதே முகம் பக்கத்தில் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்திலும், இடது கன்னத்தில் வெளிச்சம் எவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறது என்று ஒரு நினைப்பு ஓடியது. தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

நாலு நிமிடம் முடிந்தது. புஸ்பம் காதுக் கருவியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அண்டைக்கு நிப்பாட்டிட்டன் எண்டுதானே சொன்னாய்?"

"ஓம்கா."

"நிப்பாட்டல்ல."

"இல்ல."

யார் யார் பார்த்தார்கள் என்று அடுத்ததாகக் கேட்டாள். மூர்த்தியும் முனாபும் என்றாள் மங்கையற்கரசி. தெரிவு செய்த கொழும்பு ஆட்களும் பார்த்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். தாலி கட்டினவரைப் பெற்ற மாமிக்குக்கூட நான் கடைசிவரை சொல்லவில்லை, கொழும்பில் பார்த்துவிட்டார்கள் என்றாள் புஸ்பம். குரலில் கோபம் இல்லை. ஏதோ தூரத்து ஊர்ச் சங்கதி சொல்வது போலிருந்தது.

எழும்பிப் போய் நெல்லைக் கிளறினாள். ஒரு வரிசை, திரும்பி இன்னொரு வரிசை. பாய் முழுவதும் கிளறி முடித்தாள். மங்கையற்கரசி மரத்தடியில் இருந்தபடியே, மன்னித்துக்கொள் அக்கா என்றாள். சொல்லு, இப்பவே இதை அழித்துவிடுகிறேன், படத்தையும் அனுப்பாமல் விடுகிறேன் என்றாள். மெய்யாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போதே, அழிக்க வேண்டாம் என்று அக்கா சொல்லிவிடமாட்டாளா என்று மனசின் ஒரு மூலை ஆசைப்பட்டதும் அவளுக்குத் தெரிந்தது.

புஸ்பம் பாயின் அந்தக் கரையில் நின்றாள்.

"உன்னை மன்னிக்கிறதா இல்லையா எண்டு நான் இப்ப யோசிக்கல்ல புள்ள. எனக்கு முன்னால ஒருத்தன் நிக்கான். மாமிர செத்த வீட்டில அவன் வேலிக்கு அங்கால நிண்டு அழுதான். நான் ஜன்னலால பார்த்துக்கிட்டுத்தான் இருந்தன்."

பிறகு நிறையப் பேசினாள். முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்றாள். மாமியின் முகத்தைப் பார்த்ததும் நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளியதாம். அதற்குள் ஊர் தம்பியைப் பிடித்துக்கொண்டது. அவனைப் பிடித்தபிறகு சொல்வது இன்னும் பெரிய பாரமாகிவிட்டது. ஒவ்வொரு வருசமும் பாரம் கூடியதே தவிரக் குறையவில்லை. மாமி செத்த அன்று, இனிச் சொல்ல ஆளில்லை என்று ஒரு நிம்மதி வந்ததாகவும், அந்த நிம்மதியை நினைத்துத்தான் மூன்று வருசமாக வெட்கப்படுவதாகவும் சொன்னாள்.

கேட்டுக்கொண்டிருந்த மங்கையற்கரசிக்கு, வேலியடியில் தான் கேட்ட கேள்வியைச் சொல்லி அழ வேண்டும் போல வந்தது. அடக்கிக்கொண்டாள். தன் பங்குக்கு ஆறுதல் தேடுகிற நேரம் இதுவல்ல.

"அழிக்காத," என்றாள் புஸ்பம் கடைசியில். "அழிச்சா நான் மறுகாவும் வாயால சொல்லணும். என்னால ஒண்ணா. இதைக் கொண்டுபோய் அவனுக்குக் காட்டுவம். கொழும்புக்கு அனுப்புறதா விடுறதா எண்டு அவன் சொல்லட்டும். அது அவன்ட சங்கதி, உன்ட சங்கதியும் இல்ல, என்டதும் இல்ல."

நெல்லை அள்ளிச் சாக்கில் கட்டினாள். முகம் கழுவி, வேறு சீலை உடுத்து, வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளையிடம் கொடுத்தாள். எங்கே போகிறாய் என்று அவள் கேட்டதற்கு, தம்பி வீட்டுக்கு என்றாள். ஆச்சிப்பிள்ளை எந்தத் தம்பி என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிட்டாள்.

சந்திக்கு வந்தபோது பனிச்சங்கேணியால் போகும் வாகரை பஸ் வந்து நின்றிருந்தது. சாரதி கடையில் வெறும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். அக்காவை ஏற்றிவிட்டு, மூர்த்திக்கு ஒரு கோல் எடுத்துவிட்டு வருகிறேன் என்று மங்கையற்கரசி எதிரே இருந்த தொலைபேசிக் கடைக்கு ஓடினாள். நாலு மணி வேனுக்குப் படம் போகாது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மூர்த்தி எடுத்ததும் சொன்னாள். கேட்குதா என்றாள். கேட்குது என்றான்.

"அது போயிட்டு மங்கை. ஒன்பது மணி வேனில முனாபிட்டக் குடுத்தனுப்பிட்டன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. நாலு மணி என்றுதானே சொன்னீர்கள் என்றாள்.

"நீ திரும்பி வந்து வேணாம் எண்டுதான் சொல்லுவாய் எண்டு எனக்குத் தெரியும். அதாலதான் குடுத்தன். நீ எடுத்த படம் அது. உன்ட பேர் அதில இரிக்கி."

முனாபுக்கு அடித்து நிற்பாட்டச் சொல்லுங்கள் என்றாள். அவன் எங்கே தங்குவான் என்று தெரியாது, சனிக்கிழமை மண்டபத்துக்கு நேரே போவான் என்றான் மூர்த்தி. தெரியாது என்று அவன் சொன்ன விதத்திலேயே அவனுக்குத் தெரியும் என்று அவளுக்குப் பட்டது. ஆனால் அவனைத் திட்ட வாய் வரவில்லை. நிற்பாட்டிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே ஓடவிட்டவள் அவள். நாலு மணி என்று சொல்லிவிட்டு ஒன்பதுக்கு அனுப்பியவன் அவன். ஒரே வீட்டில் பழகிய பழக்கம். றிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

சாரதி ஏறிவிட்டான். ஜன்னலோரம் புஸ்பம் பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள்.

சொல்லாமல் விடலாம். பனிச்சங்கேணிக்குப் போய், கசட்டைக் காட்டி, அவன் என்ன சொல்கிறான் என்று பார்த்துவிட்டுப் பிறகு சொல்லலாம். அவன் அனுப்பச் சொன்னால் சொல்லவே வேண்டியதில்லை. இவ்வளவும் இரண்டு படி ஏறுவதற்குள் மனசில் ஓடியது. இன்றைக்கு ஒரு நாளாவது அப்படிச் செய்யக் கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா, படம் காலையிலேயே கொழும்புக்குப் போயிட்டு. அவர் எனக்குச் சொல்லாமக் குடுத்தனுப்பிட்டார். சனிக்கிழமை போடப்போறாங்க. நிப்பாட்ட ஏலுமா எண்டு தெரியல்ல."

புஸ்பம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். நடத்துனர் இரும்பில் தட்டினான், பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நகர்ந்தது. மங்கையற்கரசி கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"இண்டைக்கு வியாழன் என்ன?" என்றாள் புஸ்பம்.

"ஓம்."

"எண்டா ஊராக்கள் பார்க்க முந்தி அவன் கேக்கணும். படத்தைப் பார்த்தா, ஊருக்குச் சொல்லிப்போட்டுத் தனக்குக் கடைசியில காட்டுறாள் எண்டுதான் நினைப்பான். கமராவைப் பைக்குள்ள வை. நான் வாயால சொல்றன்."

கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இரி என்றாள். அதற்குப் பிறகு தங்கச்சியின் பக்கம் திரும்பவில்லை.

பஸ் வடக்கே ஓடியது. கிரான் கழிந்தது. சனம் ஏறியது, இறங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த அக்காவின் உதடு மெல்ல அசைவதை மங்கையற்கரசி கண்டாள். சத்தமில்லை. தம்பி என்று தொடங்கி, அதிலேயே நின்று, திரும்பவும் தம்பி என்றே தொடங்கினாள். வாழைச்சேனை வந்தபோதும் அவள் அந்த ஒரு சொல்லைத் தாண்டியிருக்கவில்லை.